போகிற வண்டிக்கு முன்னே திரும்புகிற வண்டி

அன்பு மகள் பிரேமலாவுக்கு, அப்பா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ஸ்டெஃபனி எழுதுவது. என் முட்டியைத் தவிர இங்கே எல்லாம் சுகம், பெர்த்தில் நீயும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும்.

சிங்கப்பூர்ப் பாலத்தை மூடி உன் அண்ணன் ரூபேந்திரன் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டானே, கஸ்தூரி மகள் கல்யாணத்தை இருபது பேரோடு முடித்தார்களே, அந்த நோய்க் காலத்தில்தான் ரயிலையும் நிறுத்தினார்கள். அதற்கு முன்னால் நம் ஸ்டேஷனில் ஒரு நாளைக்கு நாலு வண்டி நிற்கும். ஏழு பத்துக்கு ஏறினால் என் கூட்டாளி ரபேல் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு நாலு ஐந்துக்குப் புறப்படுகிற வண்டியில் திரும்பிவிடுவேன். நமக்கெல்லாம் ஊசி போட்டு வெளியே விட்டார்கள், ரயிலுக்கு மட்டும் யாரும் போடவில்லை போல, பாதி வண்டிகள் இன்னும் தனிமைப்படுத்தலில்தான். ஸ்டேஷன் மட்டும் பெரிய ஆஸ்பத்திரி மாதிரிப் பளபளக்கிறது, நகரும் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள், மேலே ஏறி நின்றால் வண்டி நிற்காமல் போவது நன்றாகத் தெரிகிறது. நிற்பது ஒன்றே ஒன்று. அது மத்தியானம் மூன்று மணிக்கு ரபேல் ஊருக்குப் போய்ச் சேரும், அங்கிருந்து திரும்புகிற வண்டி இரண்டு நாற்பதுக்கே கிளம்பிவிடும். எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள் பார். கவுன்ட்டரில் கேட்டால், மலாய்க்காரர் மாமா முறை வைத்து, "பாக்சிக், டிக்கெட் இப்ப போன்லதான் லா" என்கிறார். எழுத்துத் தெரியாதவனுக்கு எவ்வளவு வசதி.

உன் அண்ணனும் காரில் கூட்டிப்போவதாக மாசாமாசம் அடுத்த மாசம் என்கிறான். ரபேலுக்கு வாதம் வந்து படுத்துவிட்டான். அவன் மருமகள் ரீத்தா வீடியோவில் காட்டினாள், நெற்றி மட்டும் தெரிந்தது. தினம் காலையில் "தங்கராஜு வண்டி வந்துருச்சா"ன்னு கேட்கிறாராம் மாமா, இனி ரொம்ப நாள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றும் அழுதாள். அதனால் நீ உன் போனில் இந்தச் சனிக்கிழமைக்குப் போக ஒன்றும், ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்ப ஒன்றும் வாங்கிவிடு. இராத் தங்கல் ரீத்தா வீட்டில். உன் அண்ணனிடம் வண்டி ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நீயும் பிள்ளைகளும் நல்லா இருக்கணும், குளிரில் தலைக்கு ஊற்றாதே. சனிக்கிழமை, மறந்துவிடாதே.

இப்படிக்குக் கைநாட்டு வைக்கும் உன் அப்பா,
தங்கராஜு

அடுத்த வாரம் பார்ப்போம் என்று தள்ளாதே அம்மா. என்னோடு தண்டவாளத்தில் வேலை செய்தவர்களில் ஐயாசாமி போனான், கனகராஜ் போனான், மூர்த்தி போனான், மூன்று பேர் முகத்தையும் வண்டி இல்லாமல் பார்க்கவில்லை. மிச்சம் ரபேல்.