ஒவ்வொன்றாகப் போடச் சொன்ன உன் அப்பா

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணன், அண்ணி, அவர்கள் குழந்தை பட்டாணி எல்லோரும் சுகம். உன் அப்பாவும் உடம்புக்குச் சுகம்தான், கௌரவத்துக்கு மட்டும் கொஞ்சம் அடிபட்டிருக்கிறது, இப்போதுதான் ஆறிவருகிறது என்பதால் யாரும் அந்தப் பக்கம் கைவைப்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் சின்ன முதலாளியும் நன்றாக இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டு மனசு குளிர்ந்தது, குழந்தை உன் முடியைப் பிடித்தால் விடுவதில்லை என்றாயே, பிடிக்கட்டும், நீ என் கம்மலையே பிய்த்தவள். ஆனால் போனை வைக்கிற நேரத்தில் ஒன்று சொன்னாய் பார், அடுத்த மாசம் அவனுக்கு ரெண்டு மாச ஊசி, எல்லாத்தையும் ஒரே நாள்ல போட எனக்குப் பயமா இருக்கு, அப்பா சொன்ன மாதிரி ஒண்ணொண்ணா போட்டுக்கறேன் என்று, அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நம் வீட்டுப் போன் உனக்குத் தெரியாதா, நான் ஹலோ என்றதும் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், நான் பாதி சொல்வதற்குள் மீதியை அவர் சொல்லி முடித்துவிடுவார், அதுவும் நான் சொல்ல நினைத்ததற்கு நேர் எதிராக. அதனால்தான் நான் தைக்கப் போகிற கர்ட்டன் கடையில், துணி வெட்டுகிற மேஜை மேல் தாளை விரித்து எழுதுகிறேன், கடைக்காரம்மா சாப்பிடப் போயிருக்கிறார், எழுத்து கோணலாக இருந்தால் அடியில் மடிப்புத்துணி இருக்கிறது என்று புரிந்துகொள்.

உன் அப்பா வயரிங் வேலை செய்கிற அழகு உனக்குத் தெரிந்ததுதான். புது வீட்டில் எல்லா சுவிட்சையும் சேர்த்துப் போட விடவே மாட்டார். ஒரு லைனைக் கொடுப்பார், சுவிட்சைப் போடுவார், புறங்கையால் சுவரைத் தொட்டுப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், வீட்டுக்காரர்கள் இருட்டில் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பார்கள், அப்புறம்தான் அடுத்த லைன். எல்லாத்தையும் சேர்த்துப் போட்டா எது புகையுதுன்னு எப்படித் தெரியும் என்பார். வயருக்கு அது நல்ல வழிதான், நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. அதையே தூக்கிக்கொண்டு உன் அண்ணன் குழந்தையின் தொடைக்குப் போனாரே, அங்கேதான் வந்தது வினை. பட்டாணிக்கு ரெண்டு மாசம் ஆனதும் டாக்டரம்மா கூப்பிட்டார், வாயில் ஒரு சொட்டு மருந்து, இந்தத் தொடையில் ஒரு ஊசி, அந்தத் தொடையில் ஒரு ஊசி, மூன்றும் இன்றைக்கே என்றார். அதில் ஒரு ஊசிக்குள் ஆறு வியாதிக்கான தடுப்பு மருந்து சேர்ந்தே இருக்கிறது என்று வேறு சொல்லித் தொலைத்தார். ஒரே ஒயர்ல ஆறு லைனா என்று உன் அப்பா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். டாக்டரம்மா பொறுமைசாலி, இதையெல்லாம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்துத்தான் அட்டவணையே போட்டிருக்காங்க, ஒண்ணா குடுக்கறதால ஆபத்து அதிகமாகாது, லேசா காய்ச்சல் வரும், ஊசி போட்ட இடம் வீங்கும், ஒரு நாள் சிணுங்கும், அவ்வளவுதான், குழந்தை கையை வாயில வைக்கிற ஒவ்வொரு தடவையும் உடம்பு இதைவிட அதிகமான கிருமியைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கு, தள்ளிப்போட்டா நடுவுல பாதுகாப்பு இல்லாத நாள்தான் கூடும் என்று விளக்கினார். உன் அப்பா மண்டையை மண்டையை ஆட்டினார். ஆட்டி முடித்துவிட்டு, எல்லாம் சரிம்மா, இன்னிக்கு சொட்டு மருந்து மட்டும் குடுங்க என்றார். உன் அண்ணன் வாயைத் திறக்கவில்லை, அப்பா எதிரில் அவன் கடைசியாக வாயைத் திறந்தது பல் பிடுங்கும்போதுதான். அண்ணி மட்டும் மெதுவாக, மாமா, டாக்டர் சொல்றாங்களே என்றாள், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் நடந்த கூத்தைக் கேள். சொட்டு மருந்து கொடுத்த அன்றைக்குப் பகல் முழுக்கக் குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்து, அது தூங்கினால் ஏன் தூங்குது, முழித்தால் ஏன் முழிக்குது என்று எங்களை வறுத்தெடுத்தார். புறங்கையால் நெற்றியைத் தொடுவார், அப்புறம் பழக்க தோஷத்தில் பக்கத்துச் சுவரையும் தொடுவார். பிறகு ஒரு வாரம் கழித்து முதல் ஊசி. பட்டாணி வீல் என்று கத்தியதில் உன் அப்பாவுக்குத் தலை சுற்றிவிட்டது, நர்ஸ் ஊசியை வைத்துவிட்டு அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். தெளிந்ததும் சும்மா இருந்தாரா, கூரையில் டியூப்லைட் மினுக்குகிறது என்று ஸ்டூலைப் போட்டு ஏறி சரிசெய்துவிட்டுத்தான் இறங்கினார். ஆறு லைன் ஊசி பெரிய லோடு, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று அவரே முடிவு பண்ணிவிட்டார். அடுத்த வாரம் போனால் குழந்தை தெருமுனையிலேயே அந்தக் கட்டடத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தது, கூட லேசாகச் சளி, இந்தச் சளிக்கு ஊசி போட்டா ஒண்ணும் ஆகாது என்று நர்ஸ் எவ்வளவோ சொன்னாள். இவர் கேட்டால்தானே. கிளினிக்கின் காலிங் பெல்லை ரிப்பேர் பண்ணிக் கொடுத்துவிட்டு, குழந்தைக்கு ஊசி போடாமலே திரும்பி வந்தார். ஊசி போடுவதற்குப் போய் அந்த கிளினிக்குக்கே ஆஸ்தான எலக்ட்ரீஷியன் ஆகிவிட்டார் மனுஷர். அப்புறம் அவருக்கு வேலை, அண்ணிக்குப் பார்சல் ஆபீசில் லீவு முடிந்தது, அந்த ஊசி அப்படியே தள்ளிக்கொண்டே போயிற்று.

இதுவரைக்கும் சிரித்தாய் அல்லவா, நானும் இதை எழுதும்போது சிரித்தேன், ஆனால் அப்போது சிரிக்கவில்லை. மாடி வீட்டுப் பையன் இருமிக்கொண்டே இருந்தான், இருமி முடித்து மூச்சை இழுக்கும்போது ஒரு கூவல் சத்தம். அவன் தினமும் படியிறங்கி வந்து பட்டாணி முகத்துக்கு நேராகக் குனிந்து கொஞ்சுகிறவன். அது கக்குவான் இருமல் என்று அவன் அம்மா வந்து சொன்னபோது அண்ணியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்தக் கக்குவானுக்கான மருந்து எதில் இருக்கிறது தெரியுமா, உன் அப்பா கடைசிக்கு வைத்த அந்த ஆறு லைனில்தான். நாங்கள் எல்லோரும் போட்டதைப் போட்டபடி டாக்டரிடம் ஓடினோம். இந்த வயசுக் குழந்தைக்கு இது வந்தா மூச்சே நின்னு போகலாம், அந்த ஊசி ஒரு தடவை போட்டா முழுப் பாதுகாப்பு இல்லைதான், ஆனா அன்னிக்கே போட்டிருந்தா கொஞ்சமாவது தாங்கியிருக்கும் என்றார் டாக்டரம்மா, திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலாம். முன்னெச்சரிக்கையாக ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார், அந்த ஊசியையும் அப்போதே போட்டார், இருமல் வருகிறதா என்று கவனித்துக்கொண்டே இருங்கள் என்று அனுப்பினார். ஆட்டோவில் வரும்போது அண்ணி, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண், உன் அப்பாவைப் பார்த்துக் கேட்டாள், மாமா, ஒரு வீட்டுக்குக் கரண்ட் குடுக்கும்போது, ஷாக் அடிக்காம காப்பாத்தற எர்த்தை மட்டும் அடுத்த மாசம் போட்டுக்கலாம்னு விட்டுட்டு வருவீங்களா என்று. உன் அப்பா ஆட்டோக்காரரிடம் மீதிச் சில்லறைகூட வாங்காமல் இறங்கினார். வீட்டுக்கு வந்து சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து அலமாரியில் வைத்தார், சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை, நான் பயந்தே போனேன்.

நல்ல வேளை, நம் பட்டாணிக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்த நாட்களில் அது ஒரு தும்மல் போட்டால் வீடே எழுந்து நிற்கும், எனக்குப் பாதி உயிர் போய்ப் பாதி உயிர் வந்தது, அந்தப் பயத்தை நீ படக்கூடாது. போன வாரம் நாலு மாசத்துக்கான மருந்துகள். உன் அண்ணி யாரையும் கேட்கவில்லை, மூன்றையும் இன்னிக்கே போடுங்க டாக்டர் என்று சொல்லிவிட்டாள், உன் அண்ணன்கூட ஆமாம் என்று வாயைத் திறந்தான். சொட்டு மருந்து வாயில், ரெண்டு நர்ஸ் ரெண்டு பக்கமும் நின்று ஒரே நேரத்தில் குத்தினார்கள், ஒரே அழுகை, அதுவும் அண்ணி தோளில் போட்டதும் அடங்கிவிட்டது. சாயங்காலம் உடம்பு லேசாகச் சுட்டது, மறுநாள் காலை வழக்கம்போல என் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது. உன் அப்பா வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார், என்ன என்று கேட்டால் டியூப்லைட் தூசியாம். இதுக்கா மூணு தடவை அலைஞ்சோம் என்று அவரே முணுமுணுத்ததை என் ரெண்டு காதாலும் கேட்டேன். ஆனால் உனக்கு ஒண்ணொண்ணா போடு என்று சொன்னதை மட்டும் திருப்பி எடுக்க மனுஷருக்கு நாக்கு வரமாட்டேன் என்கிறது.

அதனால் நான் சொல்கிறேன், சின்ன முதலாளிக்கு எது எது உண்டோ அதை அத்தனையையும் ஒரே நாளில் போட்டுவிடு கண்ணு. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேள், எலக்ட்ரீஷியனிடம் கேட்காதே. அன்றைக்குத் தொளதொள கால்சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போ, ஊசி போட்டதும் பால் கொடு, காய்ச்சல் மருந்து டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்காதே, மாப்பிள்ளைக்கு ரத்தத்தைப் பார்த்தால் ஆகாது என்றாயே, அவரை வெளியே உட்கார வை. கடையில் ஒரு லாட்ஜ் ஆர்டர், அறுபது ஜன்னலுக்கு நான் தைத்தது ஒரு சாண் குட்டை, அந்தக் கதை வேறு இருக்கிறது, கடைக்காரம்மா வருகிற சத்தம் கேட்கிறது. சின்ன வயசிலிருந்தே நான் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவாய், அப்பா சொன்னால்தான் உனக்கு வேதவாக்கு, எனக்குத் தெரியும். கவர் மேல் விலாசம் எழுதுவது எப்போதும் உன் அப்பாதான், என் எழுத்துக்குத் தபால்காரர் தனியாகப் படிக்க வேண்டும் என்பார். ஒட்டாமல்தான் அவர் கையில் கொடுக்கப்போகிறேன். படிப்பார் என்று தெரியும், தெரிந்துதான் எழுதினேன்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் சிரித்துக்கொண்டு இருங்கள். சின்ன முதலாளியின் ரெண்டு உள்ளங்காலிலும் என் முத்தம். ஊசித் தேதியை மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

விலாசம் எழுத எடுத்தேன், படித்துவிட்டேன். கிளினிக்கில் எனக்குத் தலை சுற்றியது வெயிலால். மற்றதெல்லாம் உன் அம்மா எழுதியபடிதான். ஒண்ணொண்ணா போடு என்று நான் சொன்னது தப்பு, எல்லாவற்றையும் அன்றைக்கே போட்டுவிடு. போட்டதும் போன் பண்ணு. ஸ்பீக்கர் போட மாட்டேன், அம்மாவே பேசட்டும்.
அப்பா