கோலிக்குண்டுக் கோபுரம்

ஜனவரி 9
க்ரெஸ்ஸல் இன்று என் அரங்கு வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார். அவருடையது ஒன்பது பேர் வேலை செய்யும் பட்டறை. மரத்தில் கோலிக்குண்டு உருளும் பாதைகள் செய்கிறார்கள். மாதக் கடைசியில் நடக்கும் பொம்மைக் கண்காட்சியில் ஆர்டர் கிடைக்காவிட்டால் கோடையில் மூடிவிடுவாராம். நான் வரைந்தது நான்கு மீட்டர் கோபுரம். உச்சியிலிருந்து குண்டுகள் சுற்றிச் சுற்றி இறங்கும். எந்த மூலையிலிருந்தும் தெரியும்.
பதினெட்டு வருடம் பெரிய நிறுவனத்துக்காகக் கண்காட்சி அரங்குகள் வரைந்தேன். சொந்தப் பெயரில் இதுதான் முதல்.

ஜனவரி 18
அரங்கைக் கட்டும் தச்சன் டெட்லெஃப், கோபுரத்தின் அடிப்பகுதி குறுகல் என்றான். கணக்குப் போட்டாயிற்று என்று அவன் வாயை அடைத்தேன்.

ஜனவரி 25
பாதுகாப்பு அதிகாரி வந்து கோபுரத்தைத் தோளால் லேசாகத் தள்ளினார். ஆடியது. இதை நிற்க வைக்க அனுமதி இல்லை என்றார்.
தப்பு என்னோடதுதான். வேற யாரைச் சொல்ல? திறப்புக்கு இன்னும் மூணே நாள்.
க்ரெஸ்ஸலிடம் சொன்னேன். கத்தியிருந்தால்கூடத் தேவலை. "ஒன்பது குடும்பம், ஹெர்டெல் மேடம்" என்றார். அவ்வளவுதான்.

ஜனவரி 26
எதிர் அரங்கில் காற்றடித்த டைனோசர், இரண்டு மாடி உயரம். எங்கள் அரங்கில் கழற்றிப் போட்ட துண்டுகள்.
தரையில் உட்கார்ந்து சூடான தொத்திறைச்சி ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். டெட்லெஃப் சும்மா இரண்டு துண்டுகளைச் சேர்த்துக் குண்டை உருட்டிவிட்டான். அது எங்கே போகிறதென்று பார்க்கக் கன்னம் தரையில் படக் குனிந்தேன். ரொட்டி ஆறியது தெரியவில்லை.
இந்தக் கண்காட்சியில் குழந்தைகளுக்கு அனுமதியில்லை. வருபவர்கள் எல்லாம் கடைக்காரர்கள். அவர்களைக் குழந்தைகளின் உயரத்துக்கு இறக்கினால் என்ன? கோபுரத்தையே படுக்க வைத்து, அரங்கு முழுக்கத் தரையோடு லேசான சரிவில் ஓடவிட்டால்?
"கோட்டு போட்டவங்க தரையில உக்காருவாங்களா, ரொஸ்விதா?" என்றான் டெட்லெஃப்.
"தெரியல. நீ கம்பளம் வாங்கிட்டு வா."
க்ரெஸ்ஸலுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "செய்ங்க" என்றார்.

ஜனவரி 28
திறப்பு நாள். எல்லோரும் டைனோசரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனார்கள். எங்கள் கம்பளத்தில் ஒரு காலணித் தடம்கூட இல்லை.

ஜனவரி 29
காலையில் ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஒரு அம்மாள் கைத்தடியோடு வந்து நின்றார். பதினோரு கடைகளுக்குச் சரக்கு எடுப்பவர். இந்தக் குண்டு எங்கே போய் முடிகிறது என்று கேட்டார். க்ரெஸ்ஸல் விளக்க ஆரம்பித்தார், திணறினார். சட்டென்று டையோடு குப்புறப் படுத்துவிட்டார்.
"இப்படிப் படுத்தாத்தாங்க தெரியும்."
அந்த அம்மாள் கைத்தடியைக் கீழே வைத்தார். என் தோளைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். முதல் குண்டை விட்டார், இரண்டாவதை விட்டார். யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்கு நடைபாதை அடைத்துக்கொண்டது. டெட்லெஃப் இன்னொரு கம்பளம் வாங்க ஓடினான்.

ஜனவரி 31
ஆர்டர் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. சந்தோஷமாக இருக்கிறேன்.

மார்ச் 12
அடுத்த வருட அரங்கைப் பற்றிப் பேச க்ரெஸ்ஸலின் பட்டறைக்குப் போனேன். அவர் கையில் ஒட்டுநாடா; உட்காரச் சொல்லக்கூட நேரமில்லை. ஒரு மேலங்கியை என்னிடம் நீட்டினார்.
"பெட்டி கட்டிக்கிட்டே பேசலாமா? ஆள் பத்தல."
மதியம் வரை கட்டினேன். அரங்கைப் பற்றிய பேச்சு நாற்பதாவது பெட்டிக்குப் பிறகுதான் தொடங்கியது.