சீலில் நகர்ந்த நீலம்

மார்ச் 4, செவ்வாய்

பதினெட்டு டெலிவரி. வண்டியின் பின் சக்கரத்தில் காற்று நிற்கவில்லை. கடைசியாக ஒரு செல்போன் பார்சல், இரண்டாவது மாடி. வாங்கியவர் போனுக்கு வந்த ஓடிபி நம்பரைச் சரியாகச் சொன்னார், கேட்காமலே தண்ணீரும் கொடுத்தார். தெருவுக்கு இப்படி ஒருத்தர் இருந்தால் போதும், மாடிப்படி வலி தெரியாது.

மார்ச் 5, புதன்

காலையில் ஆப்பைத் திறந்தால் "உங்கள் ஐடி முடக்கப்பட்டுள்ளது." நேற்றுக் கொடுத்த பெட்டிக்குள் செல்போன் இல்லையாம், உடைந்த டைல்ஸ் துண்டுதான் இருந்ததாம். புகார் கொடுத்தது யார்? தண்ணீர் கொடுத்தாரே, அவர்தான்.

அப்படியென்றால் நடுவில் நான் எடுத்துவிட்டேனாம். நானா?

மூன்று வருஷமாக ஓட்டுகிறேன். ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக்கூட நசுக்கிக் கொடுத்ததில்லை. கம்பெனி நம்பருக்கு ஆறு தடவை அடித்தேன். ஆறு தடவையும் பாட்டுதான் போட்டார்கள்.

மார்ச் 6, வியாழன்

வீட்டுக்காரருக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர் வேலை. மத்தியானம் சாப்பிட வந்தவர், வண்டி வாசலிலேயே நிற்பதைப் பார்த்துக் கேட்டார். எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ எடுக்கலல்ல?" என்றார்.

பதினாலு வருஷம் கூட வாழ்ந்தவர்.

துணி துவைக்கப் போய்விட்டேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்திருக்கிறேன், கொடியில் போடும்போதுதான் தெரிந்தது.

மார்ச் 7, வெள்ளி

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஆர்டருக்காக நாங்கள் காத்திருக்கும் பேக்கரி நிழலுக்குப் போனேன். சொல்லத்தான் வாய் வரவில்லை. ஒல்லி விடவில்லை. அவனும் எங்களோடு ஓட்டுகிறவன். "எந்த வீடு அக்கா?" என்று கேட்டான். சொன்னதும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

"என் ஃப்ரெண்டு போன மாசம் அங்கதான் வாட்ச் குடுத்தான். உள்ள கல்லு இருந்துச்சுன்னு ஐடிய மூடிட்டாங்க. வெளிய சொன்னா அசிங்கம்னு, இப்ப குடோன்ல மூட்டை தூக்குறான்."

பாவம்தான். ஆனாலும் இரண்டு நாளில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது. மாட்டியது நான் மட்டும் இல்லை.

மார்ச் 8, சனி

புகாரோடு வந்த படத்தைக் கம்பெனி அனுப்பியிருக்கிறது. பெட்டியைப் பிரிப்பதற்கு முன் எடுத்ததாம். மேலே சிவப்பு வட்டத்தில் நீல எழுத்துப் போட்ட சீல் ஸ்டிக்கர்.

பெரிதாக்கிப் பார்த்தேன். நீலம் நகர்ந்திருக்கிறது. மயிரிழை அளவுதான், இடது பக்கமாக.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஒன்பது வருஷம் அச்சகத்தில் செக்கிங் பிரிவில் இருந்தேன். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக அடிப்பார்கள்; அதில் நிறம் நகர்ந்த தாளைக் கழித்துப் போடுவதுதான் என் வேலை. கம்பெனி சீல் இப்படி இருக்காது, தினமும் பார்க்கிறேனே. இது எங்கேயோ அடித்த போலி.

ஆனால் "போலியை நீயே ஒட்டியிருப்பாய்" என்று சொல்லிவிட்டால்?

கதவருகே நான் எடுத்த படம்! டெலிவரி முடிந்ததும் பெட்டியைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஆப் விடாது. அது என் போனில் தங்காது. கம்பெனியில் இருக்கும். இருக்க வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

கம்பெனி ஆபீஸ். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். விசாரிக்கும் பெண் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "எல்லாரும் எடுக்கலன்னுதாங்க சொல்றாங்க."

"என்னை நம்ப வேணாம்மா. நான் வாசல்ல எடுத்த படத்தையும் அவர் அனுப்பின படத்தையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. சீல மட்டும் பாருங்க."

வைத்தாள். பெரிதாக்கினாள். என் படத்தில் நீலம் சிவப்புக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"நான் குடுக்கும்போது நல்ல சீல். அவர் பிரிச்சு, போலிய ஒட்டி, அப்புறம் படம் எடுத்திருக்கார்."

அந்த வீட்டுப் பழைய புகார்களைத் தேடி எடுத்தாள். இரண்டு. இரண்டிலும் நீலம் நகர்ந்திருந்தது. "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். வேண்டாம் என்றேன், சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

போன் வரவில்லை.

மார்ச் 12, புதன்

வந்தது. ஐடி திறந்தாச்சு. அந்த ஆள் மேல் கம்பெனியே போலீஸில் புகார் கொடுக்கிறதாம். போனை வைத்ததும் அடுப்படியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது கண் கலங்கியது அவருக்குத்தான். இனி உள்ளே வைத்திருக்க முடியாது என்று கேட்டே விட்டேன். "அன்னிக்கு ஏன் அப்படிக் கேட்டீங்க?"

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் துடைத்தார். "பயந்துட்டேன். கேட்டிருக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

மார்ச் 17, திங்கள்

இருபத்தொரு டெலிவரி. பேக்கரி நிழலில் ஒல்லியோடு புதிதாக ஒருத்தன் நின்றான், தோளில் மூட்டை தூக்கிய தழும்பு. "சீலக் கண்டுபிடிச்சது நீங்கதானாக்கா?" என்று ஆரம்பித்தான். அதற்குள் அவன் போனில் ஆர்டர் அடித்துவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினான்.