ஆலடி வயலின் சனிக்கிழமைகள்

அமெரிக்கா,
18-11-1972, சனிக்கிழமை.

அன்புள்ள அம்சம்,

இங்கு நலம். நீயும் உன் அப்பா இராஜாங்கமும் அம்மா கண்ணாத்தாளும் நலமா? நீ அனுப்பிய கணக்குத் தாள்கள் வியாழனன்று வந்து சேர்ந்தன. நண்டு வளை, நத்தை, தவளை, தட்டான் என்று பத்தி பத்தியாக எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்தைப் பார்த்துப் பேராசிரியர் அச்சடித்ததா என்று கேட்டார்.

நேற்றிலிருந்து பனி கொட்டுகிறது. பரிணாமமும் சூழலியலும் படிக்க வந்தவன், வாரம் மூன்று நாள் முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தவளை அறுக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். செப்டம்பரில் ஊரிலிருந்து வந்ததிலிருந்து ஒரு நாள் லீவு கிடையாது. வியாழக்கிழமை மாலை கருத்தரங்கு. அங்கே யாரும் யாரையும் கேள்வி கேட்கலாம். போன வாரம் ஒரு மாணவி எங்கள் பேராசிரியர் வரைந்த படமே தப்பு என்றாள். அவர் சிரித்துக்கொண்டே அழித்துவிட்டார். கோடை வந்தால் ஏரிக்கரை ஆய்வு நிலையத்தில் ஆறு வாரம் கூடாரம் போட்டுத் தங்கி வேலை செய்வோம்.

ஜனவரியில் என் முறை. நம் ஆலடி வயலைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மருந்து தெளிக்கிற வயலில், மருந்துக்குத் தப்பின குருத்துப்பூச்சியின் பிள்ளைகளுக்கு அந்த மருந்து ஏறுவதில்லை. தெளிக்காத ஆலடியில் தட்டானும் தவளையுமே பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. முடிவில் உனக்கு நன்றி சொல்வேன். நிலம் எங்களுடையது என்றாலும் முப்பது வருஷமாக அதில் உழுது பாடுபடுகிறவர் உன் அப்பாதானே, அவருக்கும்.

இன்னொரு செய்தி. ஆய்வு நடக்கிற நாட்டிலிருந்தே வருஷம் ஒருவரை எங்கள் துறையில் சேர்த்துக்கொள்கிறார்கள். உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். பி.எஸ்ஸி. பரீட்சையை நன்றாக எழுது.

என் அப்பா அதிசயமாக என் படிப்பைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தார். உன் தாள்களையெல்லாம் ஒரு பெரிய நோட்டில் என் கையால் ஆங்கிலத்தில் பிரதி எடுத்து வருகிறேன். முடிந்ததும் அதை அவருக்கு அனுப்புவேன்.

இன்று சனிக்கிழமை. நீ கயிற்றுச் சதுரத்தை வயலில் போட்டு, வரப்பில் உட்கார்ந்து அதற்குள் இருப்பதை எண்ணியிருப்பாய். எனக்கு இங்கே பொறாமையாக இருக்கிறது.

அன்புடன்,
நாகேஸ்வரன்

---

நல்லாம்பூர், பாபநாசம் வழி,
9-12-1972.

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். 'சின்னய்யா' என்று எழுதக் கூடாது என்று சொன்னதால் சார் என்றே எழுதுகிறேன். அம்மாவுக்கு மட்டும் நீங்கள் இன்னும் சின்னய்யாதான்.

அடைமழை. குடமுருட்டி ஆறு கரை தட்டிப் போகிறது. இன்று எண்ணும்போது ஒரு நண்டு கட்டைவிரலைப் பிடித்துவிட்டது, அதனால்தான் எழுத்து கோணல். இதை அப்பா 'நண்டு சர்வே' என்கிறார். நீங்கள் குறுவைக்கு வந்தபோது ஆசைப்பட்டு ஒரு முடி நாற்றை அவிழ்த்து நட்டீர்களே, நீங்கள் கரையேறியதும் அம்மா அதைப் பிடுங்கி மறுபடி நட்டாள். இத்தனை நாள் சொல்லவில்லை, கோபிக்க வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் மனசை உறுத்துகிறது. குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்து மூன்று வருஷமாகிறது. ஐயா மனசு நோகும் என்று அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். குத்தகை நெல் அளந்ததற்கு அவர் ஒரு நாளும் ரசீது கேட்டதில்லை. நான்தான் சண்டை போட்டுப் போன மாதம் மனு எழுதிக் கொடுத்தேன். பெரியவர், உங்கள் அப்பா, அதிலிருந்து என் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இது நிலத்தைப் பிடுங்குகிற காரியம் இல்லை, பெயர் எழுதிக்கொள்கிற காரியம்தான் என்று நீங்கள் ஒரு வரி அவருக்கு எழுதினால் நல்லது.

அந்தச் சேர்க்கை விஷயத்தை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எனக்குள்ளேயே வைத்துச் சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
அம்சம்

---

நல்லாம்பூர்,
3-3-1973.

நாகேஸ்வரன் அவர்களுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

முந்தாநாள் தாலுகா கச்சேரியில் அப்பா மனு மேல் விசாரணை. உங்கள் அப்பா பஞ்சநதம் ஐயர் வக்கீலோடு வந்திருந்தார். ஆலடி வயல் குத்தகையில் இல்லையாம், சொந்தப் பண்ணையாம். அமெரிக்காவில் படிக்கிற பிள்ளை ஆராய்ச்சிக்காகத் தானே சாகுபடி செய்தானாம். "இராஜாங்கம் நம்ம பண்ணையாள்தான். கொழந்தைக்கு ஒத்தாசையா நின்னான்" என்றார். சொல்லிவிட்டு மேசைமேல் உங்கள் நோட்டை வைத்தார்.

நீங்கள் அனுப்பிய அதே நோட்டு. விதை விட்ட நாள், நடவு, களை, அறுப்பு, எல்லாம் உங்கள் கையெழுத்தில். தாசில்தார் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நண்டு எத்தனை என்று இருக்கிறது, நத்தை எத்தனை என்று இருக்கிறது. உழுதவர் யார், நட்டவர் யார் என்று ஒரு பக்கத்தில்கூட இல்லை. நான் அனுப்பிய தாள் ஒவ்வொன்றிலும் அன்றைக்கு வயலில் நின்றவர்கள் பெயரை மேலே எழுதியிருந்தேனே. ஆராய்ச்சிக்கு வேண்டாதது என்று விட்டுவிட்டீர்களா?

வெளியே வந்து புளியமரத்தடியில் நின்று அப்பா கேட்டார்: "பேரே இல்லையாம்மா? ஒரு எடத்துலகூடவா?"

ஐந்து மாதம் மழையில் நின்று நான் எண்ணினது எங்களையே வயலைவிட்டு இறக்கவா? உங்கள் படிப்பைப் பற்றிப் பெரியவர் கேட்ட மாதமும் அப்பா மனுப் போட்ட மாதமும் ஒன்றுதான். அவருக்கு நண்டு மேல் திடீரென்று என்ன அக்கறை என்று உங்களுக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லையா? நான் டிசம்பரில் எழுதிய பிறகுமா?

அடுத்த விசாரணை ஏப்ரல் ஐந்து. அந்த வயலில் சாகுபடி செய்தவர் இராஜாங்கம் என்று ஒரே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். வேறொன்றும் வேண்டாம்.

அம்சம்

---

அமெரிக்கா,
20-3-1973.

அன்புள்ள அம்சம்,

உங்கள் கடிதம் கண்டு இரண்டு நாள் தூங்கவில்லை. சத்தியமாக எனக்குத் தெரியாது. இருபத்தாறு வயதில் முதல்முறையாக என் அப்பா நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். பெருமையாக அனுப்பினேன். உங்கள் டிசம்பர் கடிதத்தைப் பார்த்ததும் அவருக்கு எழுத நினைத்தேன், எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாள் போய்விட்டது.

நீங்கள் கேட்கிற தாளை நான் எப்படி எழுதுவேன்? அப்பா பொய் சொன்னார் என்று அவர் பிள்ளையே எழுதிக்கொடுப்பதாக ஆகாதா? அவருக்கு நெஞ்சு வலி உண்டு என்று உங்களுக்கே தெரியும். இந்த அரசாங்கம் வந்ததிலிருந்து அவர் பாதி மனிதராகிவிட்டார்.

இத்துடன் சேர்க்கை விண்ணப்பம் வைத்திருக்கிறேன். நிரப்பி எனக்கே அனுப்புங்கள், சிபாரிசோடு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இடம் கிட்டத்தட்ட நிச்சயம். இங்கே வந்துவிட்டால் ஆறு மா வயல் உங்களுக்கு ஒரு பொருட்டாகத் தெரியாது. அப்பாவையும் பிறகு நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வேண்டுகோள். இதுவரை நான் எழுதிய கடிதங்களை விசாரணையில் காட்ட வேண்டாம். கிழித்துப்போட்டுவிட்டால் நல்லது. நமக்குள் எழுதிக்கொண்டது நமக்குள் இருக்கட்டும்.

என்றும் அன்புடன்,
நாகேஸ்வரன்

---

நல்லாம்பூர்,
7-4-1973, சனிக்கிழமை.

நாகேஸ்வரன்,

முதன்முறையாக என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். காரியம் இருந்தால்தான் மரியாதை வருமா?

உங்கள் கடிதங்களைக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கிழித்துப்போடு என்று நீங்கள் எழுதிய பிறகுதான் தகரப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கடைசியில் சொல்கிற நன்றி இல்லை, முதலிலேயே சொல்கிறேன்.

வியாழக்கிழமை ஏழு கடிதத்தையும் உறையோடு தாசில்தார் மேசையில் வைத்தேன். நோட்டில் நவம்பர் பதினெட்டாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். ஆலடி வயல், நண்டு வளை முப்பத்தொன்று, உங்கள் கையெழுத்து. பக்கத்திலேயே அதே பதினெட்டாம் தேதிக் கடிதம். பனி கொட்டுகிறது, செப்டம்பரிலிருந்து ஒரு நாள் லீவு கிடையாது, முப்பது வருஷமாக உழுகிறவர் உன் அப்பா. உறைமேல் அமெரிக்கத் தபால் முத்திரை. அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு பெரியவரைப் பார்த்து, "பனி பெய்யற ஊர்ல இருந்துக்கிட்டு உங்க பையன் இங்க எப்படிங்க தாளடி நட்டாரு?" என்று கேட்டார்.

பெரியவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தம் காகிதக் கட்டை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் எழுத உத்தரவாகிவிட்டது. உங்கள் அப்பாவுக்கு நெஞ்சு வலி ஒன்றும் வரவில்லை, வில்வண்டியில் நன்றாகவே ஏறிப் போனார். என் அப்பாதான் வீட்டுக்கு வந்து முற்றத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். அவருக்கும் நெஞ்சு இருக்கிறது. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

ஆறு மா ஒரு பொருட்டாகத் தெரியாது என்று எழுதினீர்கள். உங்களுக்குத் தெரியாதுதான். அதில் நீங்கள் நட்டது ஒரு முடி நாற்று, அதுவும் நிற்கவில்லை. மருந்துக்குத் தப்பினவற்றின் பிள்ளைகளுக்கு மருந்து ஏறாது என்று கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தானே. எங்களைப் பற்றியும் அப்படி ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தை உங்களுக்கு அனுப்பவில்லை. நிரப்பி, அதில் அச்சடித்திருந்த துறை முகவரிக்கே பேராசிரியர் பெயரிட்டுப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். அனுபவம் என்ற இடத்தில், ஆலடி வயலில் ஐந்து மாதம், சனிக்கிழமைதோறும் என்று எழுதினேன். தாள்களை உங்களுக்கு அனுப்புமுன் எடுத்து வைத்த நகல் முழுவதையும், வயலில் நின்றவர்கள் பெயர்களோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். சிபாரிசு என்ற இடத்தைக் காலியாக விட்டேன். இடம் கிடைத்தால் வருவேன். வியாழக்கிழமை கருத்தரங்கில் யாரும் யாரையும் கேள்வி கேட்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். அது நிஜமா என்று பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் இங்கேயே இருப்பேன், எனக்கு வயல் இருக்கிறது.

இன்று உளுந்து பறிப்பு. நண்டுகளெல்லாம் வெயிலுக்கு ஆழமாக வளைக்குள் போய்விட்டன. நான் எண்ணவில்லை, இனி உங்களுக்காக எண்ணவும் மாட்டேன்.

பதில் எழுத வேண்டாம். எழுதித்தான் தீருவேன் என்றால் தேதி போட்டு எழுதுங்கள், பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரா. அம்சம்
ஆலடி வயல் குத்தகைதாரர் இராஜாங்கத்தின் மகள்