அளவில்லாத கவசம்

கரமனை, திருவனந்தபுரம்

அத்தான்,

போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

நீங்கள் கோபேயிலிருந்து அனுப்பிய குட்டி சாமுராய்க் கவசம் போன வாரமே வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்ததும் மீசை வைத்த அந்த முகமூடியை மட்டும் அத்தை எடுத்து, படிகாரத்தோடு சேர்த்து வாசலில் கட்டிவிட்டார்கள். அங்கே ஜப்பானில் பிள்ளைக்குக் காவலாக வீட்டுக்குள் வைப்பார்கள் என்று சொன்னேன்.

"கண்ணு படாம இருக்கத்தானே மக்ளே? ரெண்டும் ஒண்ணுதாம்லா" என்றார்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். மெதுவாக நடக்கிறேன். நீங்கள் லீவு கேட்டிருப்பது டாக்டர் முதலில் சொன்ன தேதிக்கு அல்லவா? அதை முன்கூட்டியே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். உங்களிடம் இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம் என்கிறார்கள் அத்தை.

இன்று காலை அந்தக் கவசத்தோடு வந்த தலைக்கவசத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர அத்தையிடம் சொன்னேன். நர்ஸ் தடுத்துவிட்டாள். "உள்ள கொண்டு போகான் பாடில்ல சேச்சி."

இன்குபேட்டர் அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று, அந்தச் சின்னத் தலைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். பிறந்த குழந்தைக்குக்கூடப் பத்தாது என்று வீடியோவில் சிரித்தீர்களே. அவனுக்கு அது பெரிதாக இருக்கிறது.

உங்கள்,
நான்