அத்தை மின்விசிறியை நிறுத்திய கோடை

அத்தை,

இன்று பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஸ்பிரிட் விளக்கின் மூடியைத் திறந்தேன். உங்கள் கடையின் வாசனை வந்தது. ஆசிரியை என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உங்கள் கை மட்டும் தெரிந்தது. பழைய லோங்யிக் கைலியிலிருந்து கிழித்த துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொரு கன்ட்ரோலராக எடுத்து, பொத்தான்களுக்கு நடுவே நகத்தை விட்டுத் துடைக்கிற கை. மொஹிங்கா மீன்குழம்பு சாப்பிட்ட விரலோடு யாரும் கன்ட்ரோலரைத் தொடக்கூடாது என்பது உங்கள் கடைச் சட்டம். வாசலில் தண்ணீர் டிரம், அதன் மூடிமேல் சோப்பு. தின்கன்ஜூன் பேட்டை முழுவதிலும் கை கழுவிவிட்டு விளையாட வேண்டிய ஒரே கேம் கடை இதுதான் என்று டாக்சி ஓட்டும் கோ துன் கேலி செய்வார். கேலி செய்துகொண்டே கழுவுவார்.

பர்மியத்தில் எழுதினால் இந்தக் கடிதம் எனக்கு இன்னும் சுலபமாக வந்திருக்கும். ஆனால் உங்களோடு நான் வாதாடியதெல்லாம் தமிழில். அதனால் இதுவும் தமிழில்.

போன வருஷம் ஜனவரியில் அந்தப் புதிய கன்சோலின் அறிமுக வீடியோ வந்த சாயங்காலத்தை நினைத்துக்கொண்டேன். என் போனை பிஸ்கட் டப்பாமேல் சாய்த்து வைத்தோம். கோ துன் சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தார். பக்கத்துத் தேநீர்க்கடை ஹமீது காக்கா, அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு வந்து நின்றார். வீடியோ நின்று நின்று ஓடியது. அது ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நான் கோ துன்னுக்குப் பர்மியத்திலும் உங்கள் இருவருக்கும் தமிழிலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"புல் ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுமாம் அத்தை. ஆட்டக்காரங்க ஓடும்போது தலைமுடிகூட அசையுமாம்."

"அசையட்டும். இப்ப இருக்கிற மிஷின்ல முடி அசையலைன்னு யாராவது காசைத் திருப்பிக் கேட்டாங்களா?"

"இன்னிக்குக் கேட்கமாட்டான் தங்கச்சி," என்றார் காக்கா. "பெரிய ரோட்டுல திறந்திருக்கான் பாருங்க, அந்தக் கடையில இதை வாங்கி வெச்சா அப்புறம் கேட்பான்."

"அங்கே போறவன் போகட்டும். கை கழுவாம விளையாடலாம்."

கோ துன் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"வேண்டாம் என்கிறார்."

"சரி. அப்படியென்றால் யோசிக்கிறார்," என்றார்.

அவருக்கு உங்களை நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. அன்றிலிருந்து இரண்டு மாதம், அந்தக் கன்சோலைப் பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றையும் தேடி வாசித்தேன். பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வந்து, நீங்கள் துடைத்துக்கொண்டிருக்கும்போது வாசித்துக் காட்டுவேன். நீங்கள் தலையை நிமிர்த்தாமலே பதில் சொல்வீர்கள்.

"வர்றதா சொல்ற தேதியில அது வராது. வந்தாலும் இந்த ஊருக்கு வராது. இந்த ஊருக்கு வந்தாலும் பெட்டிக்குள்ள செங்கல் இருக்கும்."

தேதியில் வந்தது. பாங்காக் வழியாக நகரத்துக் கடைகளுக்கும் வந்தது. அதைச் சொன்னபோது நீங்கள் சலிக்கவில்லை. "எல்லாரும் நல்லா இருக்குன்னே எழுதியிருக்காங்களா? நல்லா இல்லைன்னு எழுதினவன் ஒருத்தன்கூட இல்லையா? அவனைத் தேடிப் படிச்சுக் காட்டு பாப்பா." தேடினேன். ஒருவர் கிடைத்தார். மிஷின் வேகம்தான், அதில் விளையாட ஆட்டங்கள் போதாது என்று அவர் எழுதியிருந்தார். "விவரமான ஆள்," என்றீர்கள். "நம்ம ஆளா இருப்பானோ?"

நம் கடை உங்கள் வீட்டின் முன்னறைதான். நான்கு பழைய மிஷின்கள், நான்கு டி.வி., தகரக் கூரை. கூரையில் துரு ஏறியிருந்தது. மழைக்கு முன் தகரம் மாற்றுவதற்கென்று நீங்கள் பணம் சேர்த்து வைத்திருந்தது அப்பாவுக்கும் எனக்கும் தெரியும். ஆகவே மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு, சர்ச்சிலிருந்து திரும்பி வரும்போது, "அதை வாங்கிடலாம்," என்று நீங்கள் சொன்னதும் நான் நடையை நிறுத்திவிட்டேன். கோ துன் இரண்டு சாயங்காலமாக நம் கடைக்கு வரவில்லை. அவருடைய டாக்சி பெரிய ரோட்டுக் கடை வாசலில் நின்றதை நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன்.

அப்பா அன்றே வந்தார். "கூரைக்கு வெச்சிருந்த காசு அது. ஒன்பதாங்கிளாஸ் பிள்ளை பேச்சைக் கேட்டு யாராவது இப்படிச் செய்வாங்களா?"

"அவ சும்மா சொல்லலைண்ணே. படிச்சிட்டுச் சொல்றா."

நீங்கள் என்னைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னீர்கள். நான் அன்றிரவு காலண்டரை எடுத்து மழைக்கு எத்தனை வாரம் என்று எண்ணினேன். பள்ளி விடுமுறைதான் கடை சம்பாதிக்கிற காலம். மே மாதம் மழை பிடிப்பதற்குள் அந்த மிஷின் கூரைப்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த வருஷம் மழை உங்கள் வீட்டுக்குள்தான் பெய்யும். அதற்குக் காரணம் நான் வாசித்த கட்டுரைகளாக இருக்கும்.

பெட்டி வந்தது. உள்ளே செங்கல் இல்லை. கோ துன் உட்பட ஏழெட்டுப் பேர் கை கழுவிவிட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வயர்களைச் செருகி மிஷினைப் போட்டேன். அழகான இசை வந்தது. பிறகு ஒரு வாக்கியம் வந்தது. அதை நான் இரண்டு முறை மனதுக்குள் வாசித்துவிட்டுத்தான் உங்களிடம் சொன்னேன்.

"அப்டேட் கேட்குது அத்தை."

"அப்டேட்னா?"

"உள்ளே இருக்கிறது பழசாயிடுச்சு. நெட்ல இருந்து புதுசா இறக்கணும்."

"நேத்துதானே வந்துது."

"ஆமா."

"பெட்டியைத் திறக்கிறதுக்குள்ள பழசாயிடுச்சா?"

எவ்வளவு இறக்க வேண்டும் என்று கீழே போட்டிருந்தது. நம் தெரு நெட்டில் ஒரு பாட்டு இறங்குவதற்கே பொறுமை வேண்டும். நான் வாசித்த ஒரு கட்டுரையிலும் இது இல்லை. அவற்றை எழுதியவர்கள் எல்லாரும், சுவிட்சைப் போட்டால் கரண்ட் இருக்கும், நெட் ஓடும் என்ற ஊர்களில் உட்கார்ந்து எழுதியிருந்தார்கள். நீங்கள் கேட்ட அத்தனை கேள்விகளிலும்கூட இது வரவில்லை.

முதல் நாள் இருபது சதவீதம் வரை ஏறியது. கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்தபோது வழக்கம்போலத் தெருப்பிள்ளைகள் "மீ லா ப்யீ" என்று கத்தினார்கள். நீங்கள் வழக்கம்போல "ஸ்தோத்திரம்" என்றீர்கள். கரண்ட் வந்துவிட்டது என்பதற்குத் தமிழ் அதுதான் என்று கோ துன் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தார். பிறகு நீங்கள் டி.வி.யைப் பார்த்தீர்கள். சைபரிலிருந்து மறுபடி தொடங்கியிருந்தது.

நீங்கள் எழுந்து பின்னறைக்குப் போனீர்கள். கோபமாகப் போகிறீர்கள் என்று நினைத்தேன். கரண்ட் போகிற நேரத்துக்கென்று வைத்திருந்த பேட்டரியிலிருந்து உங்கள் மின்விசிறியின் பிளக்கைப் பிடுங்கி, மிஷினுக்கு வயர் இழுத்துக்கொண்டு வந்தீர்கள். இரண்டையும் தாங்குகிற பேட்டரி அல்ல அது.

"விசிறி இல்லாம எப்படி இருப்பீங்க? இது ஏப்ரல், அத்தை."

"நான் விசிறியோடயா பிறந்தேன்?"

தகரக் கூரையின் கீழே அந்த வெயிலில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். கன்னத்தில் பூசியிருந்த தனகாப் பட்டைச் சாந்து வேர்வையில் வழிந்து கழுத்துக்கு வந்துவிடும். புதிய மிஷினின் அட்டைப் பெட்டி மூடியால் விசிறிக்கொண்டீர்கள். மிஷின் உயிரோடு இருந்தது. ஆனால் மெதுவாகவே ஏறியது.

அதற்குப் பிறகு நடந்தது நம் தெருவில் மட்டும்தான் நடந்திருக்க முடியும். எல்லாரும் சதவீதம் கேட்க ஆரம்பித்தார்கள். சந்தைக்குப் போகிற பெண்கள் மீன் கூடையோடு வாசலில் நின்று, "எத்தனை?" என்றார்கள். காக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "தங்கச்சி, எத்தனை?" என்று கூப்பிடுவார். நீங்கள், "முப்பத்தொண்ணு காக்கா," என்பீர்கள். அவர் தன் கடைப் பலகையில் சமோசா விலைக்குக் கீழே சாக்பீஸால் எழுதி வைப்பார். பெரிய ரோட்டுக் கடைக்குப் போக இருந்தவர்கள்கூட, இங்கே எப்போது முடியும் என்று பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் கை கழுவினார்கள். கழுவிய கையோடு சும்மா இருக்க முடியாமல் பழைய மிஷின்களில் உட்கார்ந்தார்கள்.

அறுபத்து மூன்றில் அது நின்றுவிட்டது. மத்தியானம் முழுவதும் அறுபத்து மூன்று. கோ துன் மட்டும் இருந்தார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் போய் அழுதேன். நீங்கள் பெட்டி மூடியோடு வந்து எனக்கு விசிறினீர்கள்.

"அழுதா ஏறுமா?"

"ஏறாது."

"பின்ன?"

"என் பேச்சைக் கேட்டுத்தானே கூரைக் காசைப் போட்டீங்க."

நீங்கள் மூடியைக் கீழே வைத்தீர்கள். "உன் பேச்சைக் கேட்டு வாங்கலை பாப்பா. அன்னிக்கு வீடியோ பார்த்தப்பவே எனக்கும் ஆசையா இருந்துது."

"ஆசையா இருந்தா எதுக்கு அத்தனை கேள்வி கேட்டீங்க?"

"ஆசையா இருந்ததாலதான். வேண்டாத சாமானைப் பத்தி யார் மெனக்கெட்டுக் கேள்வி கேட்பாங்க? சரி, மூஞ்சியைக் கழுவு. கோ துன் எதிராளி இல்லாம உட்கார்ந்திருக்கார், போய் விளையாடு."

இரண்டு மாதம் ஆட்டங்களைப் பற்றி வாசித்தவள், அன்றுதான் முதல் தடவையாகக் கன்ட்ரோலரைப் பிடித்தேன். ஒன்பது கோல் வாங்கினேன். கோ துன் ஒவ்வொரு கோலுக்கும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எட்டாவதோ ஒன்பதாவதோ கோலின்போது, அந்தப் பக்கம் எண் அறுபத்து நான்காக மாறியது.

தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் முடிந்தது. காக்கா பலகையில் நூறு என்று எழுதிவிட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். யார் முதலில் என்ற பேச்சே எழவில்லை. "ஆன்ட்டி," என்றார் கோ துன். அத்தனை வருஷம் துடைத்திருக்கிறீர்களே தவிர, நீங்களும் ஒரு நாளும் விளையாடியதில்லை. டிரம்முக்குப் போய் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு வந்தீர்கள். உட்கார்ந்து, டி.வி.க்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனீர்கள்.

"முடி அசையுது," என்றீர்கள்.

பிறகு உங்கள் பக்கத்துக் கோலிலேயே பந்தை அடித்தீர்கள். காக்கா அதற்கும் கைதட்டினார்.

விடுமுறை முடிந்து கணக்குப் பார்த்தபோது நீங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. புதிய மிஷினில் ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் ஆடினார்கள். மற்றவர்கள் சுற்றி நின்று சும்மா வேடிக்கை பார்த்தார்கள். காத்திருந்த நாட்களில் பழைய மிஷின்கள்தான் நிற்காமல் ஓடியிருந்தன. "இதை ஓடவிடாமலே வெச்சிருந்திருக்கலாம் போல," என்றீர்கள். கூரைப்பணம் பாதி திரும்பி வந்தது. பாதிக் கூரை மாற்றினோம், மிஷின்களுக்கு மேலே இருக்கிற பாதி. ஜூன் முழுவதும் உங்கள் நாற்காலிப் பக்கம் ஒழுகியது. நீங்கள் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கன்ட்ரோலர் துடைப்பதைப் பார்த்த அப்பா, திட்டுவதற்கென்று வாயைத் திறந்து, முடியாமல் சிரித்துவிட்டார். மீதிப் பாதியை அடுத்த கோடையில் மாற்றலாம் என்று இருந்தீர்கள்.

மழை முடிந்த மாதத்தில், கடை திறக்கிற நேரத்துக்கு முன்னால், உங்கள் இதயம் நின்றுபோனது. மருத்துவமனைக்கு உங்களை ஏற்றிப்போனது கோ துன்னின் டாக்சிதான். அவர் அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. உங்கள் அடக்கத்தன்று சர்ச்சில் அவருக்கு எங்கே உட்காருவது, எப்போது எழுந்திருப்பது என்று தெரியவில்லை. என்னைப் பார்த்துப் பார்த்து எழுந்து நின்றார்.

முன்னறையை அப்பா ஒரு தையல்காரருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். அவர் வருவதற்கு முன் மீதிக் கூரையையும் மாற்றிக் கொடுத்தார். புதிய மிஷின் காக்காவின் தேநீர்க்கடை மூலையில் இருக்கிறது. போன வாரம் நான் அந்த வழியாக வந்தபோது கோ துன் கூப்பிட்டார். அதைவிடப் புதிதாக இன்னொரு கன்சோல் வரப்போகிறதாம், வாசித்துச் சொல் என்றார். நின்றபடியே வாசித்தேன். பர்மியத்தில் ஒருமுறை, காக்காவுக்காகத் தமிழில் ஒருமுறை. எனக்கே ஆசையாக இருந்தது, மறைக்கவில்லை. வாசித்து முடித்ததும் காக்கா தேநீரை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அது நீங்கள் மறுத்துப் பேச வேண்டிய இடம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அந்தக் கட்டுரையை மறுபடி திறந்தேன். கீழே வாசகர்கள் கேட்கலாம் என்று இடம் விட்டிருந்தார்கள். என்ன நிறத்தில் வரும், என்னென்ன ஆட்டங்கள் என்று நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். நான் ஆங்கிலத்தில், இலக்கணப் பிழை இல்லாமல், மூன்று முறை திருத்தி எழுதினேன்: இறக்கிக்கொண்டிருக்கும்போது பாதியில் கரண்ட் போய்விட்டால், திரும்ப எங்கிருந்து தொடங்கும்?

காலையில் பார்த்தேன் அத்தை. எழுதியவர் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் நான் பெயர்கூடக் கேட்டிராத ஊர்களிலிருந்து ஆட்கள், ஒருவர் பின் ஒருவராக, எங்களுக்கும் அதுதான் தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.