மெதுவாக்கு என்று நீ எழுதிய இடம்

இன்று காலை கூரியரில் ஒரு பெட்டி வந்தது. நம் பழைய அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறுகிறதாம். சுவரில் மாட்டியிருந்தவற்றையெல்லாம் உரியவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். உன் வீட்டு முகவரி அங்கே இப்போது யாரிடமும் இல்லை. என் முகவரி இருந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால், கனமான கண்ணாடிப் பலகை. மேலே காப்புரிமை எண், நடுவில் உன் பெயர், கீழே ஆங்கிலத்தில் நான் எழுதிய தலைப்பு. உன் பெயரில் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. கீழே சொல்லியிருக்கும் கண்டுபிடிப்புதான் உன்னுடையதில்லை.

அதை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு முறை பால்கனிக்குப் போய்வந்தேன். வெங்காயம் நறுக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டேன். கடைசியில் பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் நேரில் சொல்ல வேண்டியதை நேரில் சொல்லாமல் விட்டவள் நான். இப்போதும் இப்படித்தான் முடிகிறது.

நாம் இருவரும் ஒரே வாரத்தில்தான் அந்த வேலையில் சேர்ந்தோம். வெளிநாட்டுச் சூதாட்டக் கூடங்களில் நிற்கும் எந்திரங்களுக்கு மைசூரில் உட்கார்ந்து மென்பொருள் எழுதும் நிறுவனம். மூன்றாம் மாடியில் அந்த எந்திரங்கள் ஆறு நின்றன. பொத்தானை அமுக்கினால் படங்கள் பதித்த ரீல்கள் சுற்றி நிற்கும், ஒரே படம் வரிசையாக வந்தால் வெற்றி. காசு போடும் வாய் அடைக்கப்பட்டிருக்கும். சோதனைக்கு மட்டும் ஆடலாம். நீ ஆட்டத்தை வடிவமைப்பவள். நான் கீழ் மாடியில், நீங்களெல்லாம் கண்டுபிடிப்பவற்றுக்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுதுபவள். ஹனூர் பக்கத்திலிருந்த உன் அம்மாவுக்கு நீ சொல்லி வைத்திருந்த வேலை வேறு. “ரயில் டிக்கெட் மெஷின்னு சொல்லியிருக்கேன். சூதாட்டமுன்னா சோறு எறங்காது அவங்களுக்கு” என்பாய்.

வாரம் முழுக்க விடுதியில் இருப்பாய். சனிக்கிழமை மதியம் கொள்ளேகால் பஸ். அங்கே உன் கணவருக்கு பம்பு மோட்டாருக்குச் செப்புக் கம்பிச் சுருள் கட்டும் கடை. உன் மகளும் அவரோடுதான். திங்கள் காலை வரும்போது உன் பையில் எனக்கென்று ஒரு தின்பண்டப் பொட்டலம் கட்டாயம் இருக்கும். சேலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர் மகள் நான். பிறந்தது, படித்தது எல்லாம் மைசூர்தான். நான் பேசுவதைக் கேட்டுச் சிரிப்பாய். “உன்ற தமிழ்ல பாதி கன்னடம், பாதி கம்ப்யூட்டர். எங்க ஊர்ல வந்து பேசினீன்னா வழி கேக்க வந்த டூரிஸ்டுன்னு நெனைப்பாங்க.”

எந்திரங்களை மனிதர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்த்து வர உன்னைக் கோவாவுக்கு அனுப்பினார்கள். ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பலுக்குள் இரண்டு நாள் உட்கார்ந்து குறிப்பெடுத்தாய். திரும்பி வந்த அன்று மொட்டை மாடியில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமலே இருந்தாய்.

“அங்க ஒரு அம்மா. பாக்கறதே இல்லடி. ரீல் நிக்கறதுக்கு முன்னாலயே அடுத்தத அமுக்குது.”

“தோத்துட்டே இருந்தாங்களா?”

“ஜெயிச்சாலும் பாக்கல. ஒருக்கா வெளக்கெல்லாம் எரிஞ்சு மணி அடிச்சுது. அப்பவும் வெரல் நிக்கல.”

“பாவம்.”

“பாவமுன்னு நாம சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவோம். மெஷினுக்குத் தெரியுமில்ல? எத்தனை நேரத்துக்கு ஒருக்கா அமுக்கறாங்கன்னு அதுக்கு அச்சரம் பிசகாமத் தெரியும். தெரிஞ்சும் ஏன் சும்மா இருக்கோணும்?”

அந்தக் கேள்வியை நீ விடவில்லை. மூன்று வாரம் கழித்து என்னை மூன்றாம் மாடிக்கு இழுத்துப் போனாய். கடைசி எந்திரத்தின் முன்னால் உட்கார வைத்து, “என்ற மூஞ்சியப் பாத்துப் பேசிக்கிட்டே அமுக்கிட்டே இரு” என்றாய். அமுக்கினேன். ஏதோ பேசினோம், யாரோ ஒருவரின் கல்யாணத்தைப் பற்றி. என் விரல் சீராக, வேகமாக விழ ஆரம்பித்ததும் ஏதோ மாறியது. ரீல் முன்பைவிடக் கொஞ்சம் நிதானமாகச் சுற்றியது. அடுத்த முறை இன்னும் நிதானம். விளக்குகள் மங்கின. என்னை அறியாமல் கை நின்றது. திரும்பி எந்திரத்தைப் பார்த்தேன்.

“பாத்தியா! பாத்துட்டே!” என்று கைதட்டினாய். எதிரே நின்ற உன் முகம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. உன்னை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

விண்ணப்பம் எழுதும் வேலை எனக்கு வந்தது. நீ கொடுத்த குறிப்பில் தெளிவாக இருந்தது: அமுக்கும் இடைவெளி குறுகிச் சீராகும்போது ஆட்டத்தை மெதுவாக்கு. காப்புரிமையில் ‘கிளைம்’ என்ற பகுதிதான் உயிர். இன்னது எங்களுடையது, எங்களைக் கேட்காமல் வேறு யாரும் செய்யக்கூடாது என்று சொல்லும் வரிகள் அவை. எவ்வளவு பொதுவாக எழுதுகிறோமோ அவ்வளவுக்கு அது பரவும். அந்த வித்தைக்குத்தான் எனக்குச் சம்பளம். ‘மெதுவாக்கும்’ என்ற இடத்தில் ‘வேகத்தை மாற்றும்’ என்று போட்டேன்.

கையெழுத்துப் போடும் முன் நீ கேட்டாய். கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முயன்றிருக்கிறேன். ஆனால் கேட்டாய்.

“மாத்தறதுன்னா, வேகமாக்கறதும் அதுல வருமே?”

“வரும். ஆனா நாம செய்யப்போறது மெதுவாக்கறதுதானே? சும்மனே ஒரு வார்த்தை. எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க.”

நீ என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாய். என்னை நம்பித்தான் போட்டாய்.

எட்டு மாதம் கழித்துப் புது ஆட்டம் ஒன்று சோதனைக்கு வந்தது. நீதான் முதலில் உட்கார்ந்தாய். இடைவெளியை அளப்பது உன் முறையேதான், வரிக்கு வரி. ஆனால் விரல் குருடாக விழ ஆரம்பித்ததும் எந்திரம் இன்னும் வேகமெடுத்தது. விரல் தயங்கினால், அதாவது எழுந்து போக மனம் வந்த அந்தக் கணத்தில், சின்னதாக ஒரு வெற்றியைக் கொடுத்து உட்கார வைத்தது. அந்த அம்மாவை நிறுத்த நீ கண்டுபிடித்ததை வைத்தே அந்த அம்மாவைக் கட்டிப்போட்டிருந்தார்கள்.

என் மேசைக்கு வந்து நின்றாய். விண்ணப்ப நகலை எடுத்து அந்த வரியில் விரலை வைத்தாய்.

“உன்ற வார்த்தைதான்” என்றாய். “அத திருப்பி மாத்த முடியுமா? மெதுவாக்கறதுன்னு மட்டும்?”

“ஃபைல் ஆயித்து. இனி ஆகாது. விடு.”

அது பொய். பரந்து எழுதியதைக் குறுக்கி எழுத அப்போதும் வழி இருந்தது. மேலாளரிடம் போய், நான் எழுதியதைச் சின்னதாக்க வேண்டும் என்று கேட்க எனக்குப் பயம். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்த மாதம் அது. இதை உன்னிடம் சொல்ல எனக்கு நான்கு மாதம் இருந்தது. அந்த நான்கு மாதமும் நீ என்னோடு பேசவில்லை. திங்கள்கிழமைப் பொட்டலம் நின்றது. படியில் எதிர்ப்பட்டால் போனைப் பார்த்தபடி நகர்ந்துவிடுவாய். நானும் அப்படியே.

பிறகு உனக்குக் காய்ச்சல், டெங்கு என்றார்கள். மூன்றாம் நாள் மாலை ஆஸ்பத்திரி வரை வந்தேன். வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று, உன்னைப் பார்த்ததும் முதல் வாக்கியம் என்னவாக இருக்க வேண்டும் என்று யோசித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. நாளைக்கு வரலாம் என்று திரும்பிவிட்டேன். மறுநாள் மதியம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. உன் படத்துக்குக் கீழே எல்லோரும் கைகூப்பிய பொம்மை போட்டிருந்தார்கள். நானும் அதையேதான் போட்டேன்.

நீ போன ஐந்தாம் மாதம் வெளிநாட்டுக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ‘வேகத்தை மாற்றும்’ என்பது மிகவும் பொது, இதைத் தர முடியாது, குறுக்குங்கள் என்றார்கள். மேலாளர் என்னைக் கூப்பிட்டார். வேகமாக்குவதையும் ஆசை காட்டுவதையும் இந்த விண்ணப்பத்தில் வைத்துக்கொள்வோம், மெதுவாக்குவதைத் தனி விண்ணப்பமாகப் போடுவோம் என்றார்.

“மெதுவாக்கறத நாம செய்யப்போறதில்லையே சார்?”

“நாம செய்ய மாட்டோம். வேற யாரும் செய்யாம இருக்கணும். நாளைக்கு ஏதாவது அரசாங்கம் கட்டாயமாக்கினா எல்லாரும் நம்மகிட்டதான் வரணும்.”

தனி விண்ணப்பத்துக்கு உன் வாரிசின் கையெழுத்து வேண்டும். முதல் காப்புரிமை கிடைக்கும் நாளுக்குள் போட்டாக வேண்டும். குறுக்கி அனுப்பியதை அவர்கள் ஏற்று நாள் குறித்தபோது இரண்டு வாரம்தான் மிச்சம் இருந்தது. தமிழ் தெரிந்தவள் என்று என்னையே அனுப்பினார்கள்.

கொள்ளேகால் பஸ்ஸில் வழி முழுக்க நான் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி கடைசியில், “ஏனும்மா, ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டுவிட்டார்.

உன் கணவர் கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“வாங்க. நீங்கதான மைசூர் தமிழு? சொல்லியிருக்கா.” நாற்காலியை நகர்த்திப் போட்டார். “கடைசி வரைக்கும் உங்க மேல கோவமாத்தானுங்க இருந்தா. நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“தெரியுங்க. அந்தக் கோவம் நியாயந்தான்.”

காகிதத்தையும் பேனாவையும் நீட்டினேன். அவர் படிக்கவில்லை, என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கப்பலில் பார்த்த அம்மாவிலிருந்து ஆரம்பித்து நான் மாற்றிய சொல், உன்னிடம் சொன்ன பொய், ஆஸ்பத்திரி வாசல் எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும்வரை அவர் ஒரு செப்புக் கம்பியை விரலில் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“இதுல நான் போட்டா அவ பேரு வருமுங்களா?”

“வரும். அவங்க நிஜமா கண்டுபிடிச்சதுக்கு அவங்க பேரு.”

“போட்டப்பறம் அத யாராச்சும் செய்வாங்களா?”

“மாட்டாங்க. யாரும் செய்யக்கூடாதுன்னுதான் போடறாங்க.”

“போடலீன்னா?”

“அவங்க பேரு அந்த இன்னொண்ணுலதான் இருக்கும், மோசமானதுல. ஆனா மெதுவாக்கற முறை விவரமெல்லாம் அந்தக் காகிதத்துலயே அச்சாகியிருக்கும். யாரும் அதுக்கு உரிமை கேக்கலைன்னா, யார் வேணா எடுத்துச் செய்யலாம்.”

அவர் எழுந்து வாசல்வரை போனார். ஒரு டிராக்டர் கடந்து போகும்வரை நின்றார். திரும்பி வந்து பேனாவை என் பக்கம் தள்ளினார்.

“நல்லதுல அவ பேரு இருக்கோணும்னு ஆசைதானுங்க எனக்கு. எங்க பொண்ணுக்குக் காட்டலாம். ஆனா பூட்டி வெச்சா அவ செஞ்சதே இல்லாத மாதிரி ஆயிருமே. வேண்டாங்க.”

கையெழுத்தில்லாத காகிதத்தோடு திரும்பினேன். மேலாளர் முகம் சுளித்தார். “அவர் போடலைன்னா வேற வழி இருக்கா?”

வழி இருந்தது. வாரிசு மறுத்தால் நிறுவனமே ஒரு விளக்கக் கடிதம் வைத்து விண்ணப்பிக்கலாம். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

“இல்ல சார்” என்றேன்.

அடுத்த வாரம் காப்புரிமை கிடைத்தது. தனி விண்ணப்பத்துக்கான கதவு அத்தோடு சாத்திக்கொண்டது. அதுவரை ஆறு நாளும் ஒவ்வொரு முறை அவர் அறைக்கதவு திறக்கும்போதும் நிமிர்ந்து பார்த்தேன். தெரிந்த வழியை மறைத்தது என் தொழிலில் துரோகம். அதை உனக்குச் செய்த பரிகாரம் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு வாய் வரவில்லை. நீ உயிரோடு இருந்து கேட்டபோது செய்யாததை, நீ இல்லாதபோது வேறு ஒருவரின் வாயால் கேட்டுச் செய்தேன். அவ்வளவுதான். மூன்று மாதத்தில் வேலையை விட்டேன். இப்போது வீட்டிலிருந்தே பம்புகளுக்கும் தறி எந்திரங்களுக்கும் விண்ணப்பம் எழுதுகிறேன். ஒவ்வொரு வினைச்சொல்லையும் எழுதிவிட்டு, இதைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கிறேன். அதனால் வேலை தாமதமாகிறது என்று வாடிக்கையாளர்களுக்குக் குறை.

உன் கணவர் அவ்வப்போது போன் செய்கிறார். நலம் விசாரித்துவிட்டு, வைப்பதற்கு முன் கேட்பார்: “யாராச்சும் எடுத்துக்கிட்டாங்களாங்க?”

“தெரியலைங்க. பாத்துக்கிட்டே இருக்கேன்.”

உண்மையாகவே பார்த்துக்கொண்டிருக்கிறேன். புதிதாக வரும் ரீல் ஆட்டம் எதுவானாலும் போனில் இறக்கிக்கொள்கிறேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பார்க்காமல், வேகமாக, சீராக அமுக்குகிறேன். கட்டை விரல் வலிக்கிறது. என் தங்கைக்கு இது பைத்தியம் பிடித்ததுபோலத் தெரிகிறதாம். இதுவரை எதுவும் எனக்காக நின்றதில்லை.

நேற்று ஒன்றில், ஒரு கணம், வேகம் குறைந்ததுபோல் இருந்தது. நெட்வொர்க் கோளாறாகவும் இருக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் அமுக்கினேன்.